ஆரினின் இடது கால் தொடர்பாக நவம்பர் இதழில் வர வேண்டிய திருத்தம்

நார்லிங் விமானத் திடல்,
மூன்றாம் ஹேங்கர்,
அக்டோபர் 19

விமானிகள் சங்க இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி மார்லிஸ் ட்வீட்டன் அவர்களுக்கு,

வென்டல் ஆஸ்கார்ட் வணக்கத்துடன் எழுதுவது. முதுகுவலி நீங்கலாக இங்கு நலமே. தங்கள் வீட்டுக்காரரின் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் சுட்டுக் கொடுத்தனுப்பிய பூசணிப் பை பலகாரம் வந்து சேர்ந்தது. தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன், ஞாயிறன்று சர்ச்சுக்குக் கொண்டுவருகிறேன்.

நிற்க. நான் அனுப்பிய திருத்தத்தை, "நீளம் அதிகம், கோபம் அதிகம், இரண்டே வரியில் எழுதவும்" என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருடம் ஆறாம் வகுப்பை மேய்த்தவர் நீங்கள், உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு வரி தருகிறேன், கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வரி ஏன் வந்தே ஆக வேண்டும் என்பதை இரண்டு வரியில் சொல்ல முடியாது. ஆரின் ஹாக்லண்டின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதைக் கொண்டுபோனது அவன் விமானத்தில் இருந்த பெட்டி. இது அச்சில் வர வேண்டும், ஏனென்றால் அந்தப் பெட்டியை வாங்கச் சொன்னவன் நான், அதுவும் நம் இதழில், நீங்களே பிழை பார்த்து வெளியிட்ட கட்டுரையில். செப்டம்பரிலிருந்து நான் சங்கத்துக் காபி மேசைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நம் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியாதா, ஒருவன் மூஞ்சிக்கு நேரே அவன் மனசு நோகும்படி ஒரு வார்த்தை சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு செத்துப்போவார்கள். நாற்காலியை மட்டும் நகர்த்தி எனக்கு இடம் விடுகிறார்கள், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

நீங்கள் சின்ன விமானத்தில் ஏறினால் வாந்திப் பை தேடுகிறவர், ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். 2020 பிறந்ததும் ஒரு சட்டம் வந்தது. மின்னியாபொலிஸ் பெரிய விமான நிலையத்தைச் சுற்றி முப்பது மைல் வட்டத்துக்குள் பறக்கும் எதுவும், நான் இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று நொடிக்கொரு தரம் தானே கூவ வேண்டும். கூவுவதற்கு ஒரு பெட்டி. அது செயற்கைக்கோளிடம் இடத்தைக் கேட்டுத் தரைக்குச் சொல்லும், தரையிலிருந்து விமானங்களுக்கு வழிசொல்லும் கன்ட்ரோல்காரர்கள் திரைக்கும், நம் சங்கத்து டி.விக்கும், யார் வீட்டு போனுக்கும் வந்துவிடும். நம் திடல் அந்த வட்டத்துக்குள் சரியாக இரண்டு மைல் உள்ளே மாட்டிக்கொண்டது. கம்பெனி கட்டி விற்கும் விமானம் வைத்திருப்பவர்கள் அரசாங்க முத்திரை குத்திய பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நாங்களோ கார் கொட்டகையில் பத்து வருடம் ரிவெட் அடித்துச் சொந்தமாக விமானம் கட்டியவர்கள், கதவில் 'சோதனை விமானம்' என்று ஒட்டச் சொன்னால் அதைப் படிப்புப் பட்டம் மாதிரி ஒட்டிக்கொள்கிறவர்கள். எங்களுக்குச் சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. சொந்தமாகக் கட்டிய விமானத்தின் பெட்டியில் முத்திரை இருக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டம் அங்கே முடியவில்லை, மார்லிஸ் அம்மா. முத்திரை இல்லாவிட்டாலும் முத்திரைப் பெட்டிக்கு உள்ள நம்பகம் இதற்கும் இருக்க வேண்டும் என்று அதற்குக் கீழேயே இருக்கிறது. முதல் பாதியைப் படித்ததும் நான் சந்தோஷத்தில் எழுந்து காபி போடப் போய்விட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் எழுதியதுதான் ஜூன் 2020 கட்டுரை, 'முத்திரைக்கு எதற்குக் காசு?'. நூற்றெண்பது டாலரில் ஒரு ஜி.பி.எஸ், அதோடு பேசும் ஒரு மலிவான பெட்டி, நான்கு கம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெட்டியை முதலில் இயக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: உன் ஜி.பி.எஸ் சொல்லும் இடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம், பூஜ்யம் முதல் மூன்று வரை ஒரு எண் கொடு. அந்த ஜி.பி.எஸ்ஸுக்கு உண்மையான பதில் பூஜ்யம். பூஜ்யம் என்று போட்டால் கன்ட்ரோல்காரர்கள் நம்மைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். "ஆகவே தயங்காமல் மூன்று என்று போடவும்" என்று எழுதினேன். பொய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர், என் பெயர் பதித்த தொப்பி வேறு இருக்கிறது, நான் மூன்று என்றால் அது மூன்றுதான் என்று இருந்துவிட்டேன். பதினொரு பேர் வாங்கினார்கள். முதலில் வாங்கியவன் ஆரின்.

ஆரினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் பக்கத்து ஹேங்கரில் விமானம் நிறுத்துகிறவன். நான் பனி தள்ளும் இயந்திரம் வாங்கினால் அவனும் அதையே வாங்குவான், அதே நிறத்தில். பெட்டியை நான்தான் அவன் விமானத்தில் மாட்டினேன். இன்ஜின் மூடிக்கு அடியில் ஜி.பி.எஸ்ஸை வைத்தேன், மேலே வைத்தால் அழகு கெடும் என்று.

"அடியில வெச்சா வானம் தெரியுமாடா அதுக்கு?" என்று கேட்டான்.

"உனக்கே தெரியாதப்ப அதுக்கு எதுக்குடா?" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தோம்.

வானம் தெரியவில்லைதான். முதல் மாதமே திரையில் அவன் விமானம் குதிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் டி.வியில் பார்த்தால் ஏரி நடுவில் நிற்கிறான். இன்னொரு நாள் லூத்தரன் சர்ச்சுக்குள்ளே, பாதிரியார் நிற்கும் இடத்தில். பல நாள் பாதி வழியில் அப்படியே உறைந்து நின்றுவிட்டுக் காணாமல் போவான், அரை மணி கழித்து நிஜமாகவே வந்து இறங்கி, "இன்னைக்கு எங்கடா செத்தேன்?" என்று கேட்டுக்கொண்டே காபிக்கு வருவான். அதை வைத்து ஒரு பந்தயப் பலகைகூடப் போட்டோம். அவன் மனைவி பெர்னடீன் வீட்டில் போனில் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் அவன் உறைந்து நிற்கும்போதெல்லாம் பதறிக்கொண்டு சங்கத்துக்கு போன் செய்வாள். நான்தான் எடுப்பேன், "பெட்டிதான் பெர்னடீன், ஆளு நல்லாத்தான் இருப்பாரு" என்பேன். நாலு வருடத்தில் அந்தப் பெண்ணைப் பதறாமல் இருக்கப் பழக்கிவிட்டேன். ஒரு காலத்தில் அதை ஒரு சாதனை மாதிரி நினைத்திருந்தேன், என்னத்தைச் சொல்ல.

செப்டம்பர் ஏழு, சனிக்கிழமை. ஒன்பதரை மணிக்குச் சங்கத்தில் ஆறு பேர் இருந்தோம், டுவேன் சொபோட்கா ஆப்பிள் பை வெட்டிக்கொண்டிருந்தான். ஒன்பது நாற்பதுக்கு ஆரினின் விமானம் திரையில் தெற்கே ஆறு மைலில் கிரோகர் வயல்மீது நின்றது. டுவேன் கத்தியைக் கீழே வைத்தான்.

"வென்டல், அவன் உயரம் இறங்கிக்கிட்டே வந்து நின்னுச்சே. போய்ப் பாக்கலாமா?"

"பெட்டிப்பா அது. நாலு வருஷமா பாக்கலியா? பையை வெட்டு."

"இல்ல, கார் எடுத்தா பத்து நிமிஷம்தான்."

"நீ போயி வயல்ல நின்னு பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டிருப்ப, அவன் இங்க வந்து உன் துண்டையும் சேத்துத் தின்னுக்கிட்டிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள், டுவேனும் சிரித்தான். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு போன் அடித்தது, பெர்னடீன். "வென்டல், அவரு கிரோகர் வயல்ல நிக்கிறாரு" என்றாள். "பெட்டிதான் பெர்னடீன்" என்றேன். "இல்ல வென்டல், அது வந்து..." என்று ஆரம்பித்தாள். பிறகு, "சரி வென்டல், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டாள். அரை மணியில் வருவான் என்று பார்த்தோம், வரவில்லை. வேறு திடலில் இறங்கிக் காலை உணவு சாப்பிடப் போயிருப்பான் என்று நான்தான் சொன்னேன், எந்தத் திடலில் என்ன சாப்பிட்டிருப்பான் என்பது வரைக்கும் சொன்னேன்.

அவன் கிரோகர் வயலில்தான் இருந்தான். இன்ஜின் நின்றிருக்கிறது, சோயாப் பயிருக்குள் நன்றாகவே இறக்கியிருக்கிறான், கடைசியில் சக்கரம் வாய்க்காலில் மாட்டி விமானம் கவிழ்ந்துவிட்டது. விழுந்தால் தானே அலறும் கருவி ஒன்று வாலில் இருந்தது, வால் முறிந்தபோது அதன் கம்பியும் அறுந்துபோனது. போன் கைக்கு எட்டாத இடத்தில் கிடந்தது. இடது கால் பெடலுக்கும் நசுங்கிய தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி மூன்று மணி பத்து நிமிடம். கிரோகர் வீட்டு அறுவடை இயந்திரம் அந்தப் பக்கம் திரும்பியபோதுதான் பார்த்தார்கள். மருத்துவமனையில் டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினாள். "ரத்த ஓட்டம் நின்னு ரொம்ப நேரம் ஆயிடுச்சு. ஒரு மணி நேரத்துல எடுத்திருந்தா கால் தங்கியிருக்கும்" என்றாள். பத்து நிமிடக் கார் தூரத்தில் ஆறு பேர் பை தின்றுகொண்டிருந்தோம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். அந்தத் திரையை நாங்கள் ஏன் நம்பவில்லை? பெட்டி நாலு வருடம் பொய் சொல்லிப் பொய் சொல்லி எங்களை அப்படி ஆக்கிவைத்திருந்தது. சட்டம் கேட்ட நம்பகமுள்ள ஒரு பெட்டி அவன் விமானத்தில் இருந்திருந்தால், அது கிரோகர் வயல் என்று சொன்னதும் நான் பையைத் தட்டோடு போட்டுவிட்டு ஓடியிருப்பேன். சத்தியமாக ஓடியிருப்பேன். விமானத்தை அன்று மாலையே விசாரணைக்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கவும் அவசியமில்லை, மாட்டியவனே நான்தானே. ஆக, தப்பான பெட்டியைச் சொன்னது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று மணி பத்து நிமிடம் பெட்டியின் குற்றம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நான் ராத்திரி தூங்குகிறேன்.

மறு வாரமே என் விமானத்திலிருந்து பழைய பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சட்டத்துக்குப் பொருந்துகிற மாற்றுப் பெட்டி தேட ஆரம்பித்தேன், மற்றப் பத்துப் பேருக்கும் சரியானதைச் சொல்ல வேண்டும் என்று. இந்த முறை எல்லாப் பக்கத்தையும் திருப்பினேன். முதலில் முத்திரை குத்திய நல்ல ஜி.பி.எஸ் ஒன்று வாங்கினேன். அது நல்லதுதான், பெட்டியும் நல்லதுதான், ஆனால் இரண்டும் ஜோடியாகச் சோதிக்கப்பட்டவை அல்ல, ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியவில்லை, புரியாததை அது ஒத்துக்கொள்ளவும் இல்லை. அடுத்து வால் விளக்குக்குப் பதிலாக மாட்டும் பெட்டி, விளக்கும் அதுவே, ஜி.பி.எஸ்ஸும் அதுவே. என் விமானத்தில் வால் விளக்கே கிடையாது, பகலில் மட்டும் பறப்பேன் என்று கட்டியது. அதற்காக வாலைத் துளைத்து, கம்பி இழுத்து, வர்ணம் பூசி, பறந்து வந்து அரசாங்கத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். பறந்த விவரத்தைச் சொன்னால் அவர்கள் அறிக்கை அனுப்புவார்கள், சரியானது வெள்ளை, தப்பானது சிவப்பு. என் அறிக்கையில் நான் ஒரு பலூன் என்று இருந்தது. விமான வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் விரல் ஒரு வரி தவறிவிட்டது. டுவேன் அதைப் படமெடுத்துச் சங்கத்துப் பலகையில் ஒட்டப் போனவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பழைய டுவேனாக இருந்தால் ஒட்டியிருப்பான்.

கடைசியில் கருவிக் கடை ரோலண்ட் பீப்பரிடம் போனேன். ஜி.பி.எஸ் உள்ளேயே இருக்கும் ஒரே பெட்டி, ஜோடிப் பிரச்சினை கிடையாது, ஆன்டெனா மூடிக்கு வெளியே, வானத்தைப் பார்த்து.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா ரோலண்ட்?" என்றேன்.

"நீங்க கட்டுரை எழுதியிருந்தீங்களே" என்றான். பிறகு, "ஆரின்கூட..." என்று ஏதோ ஆரம்பித்தான், நிறுத்திவிட்டு, "காபி குடிக்கிறீங்களா?" என்றான்.

குடித்தேன். போன வாரம் முப்பது நிமிடம் பறந்துவிட்டு வந்தேன், அறிக்கையில் ஒரு சிவப்புகூட இல்லை. அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் ரோலண்டிடம் சொல்லிவைத்துவிட்டார்கள். மீதி ஆட்கள் அசைய மாட்டேன் என்கிறார்கள், அச்சில் வந்ததை அச்சில்தான் மாற்ற வேண்டுமாம், அதனால்தான் உங்கள் காலைப் பிடிக்கிறேன். திருத்தம் இது, எண்ணிக்கொள்ளுங்கள், இரண்டே வரி:

"ஜூன் 2020 கட்டுரை தவறு. முத்திரை வேண்டாம், நம்பகம் வேண்டும். பழைய பெட்டியை உடனே கழற்றவும்.
அந்தப் பெட்டியால் ஆரின் ஹாக்லண்ட் தன் இடது காலை இழந்தார். – வென்டல் ஆஸ்கார்ட்"

இதில் ஒரு எழுத்தையும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் இந்தக் குளிர்காலம் இருமலில்லாமல் கழியட்டும், தங்கள் சிவப்புப் பேனா என்றைக்கும் வற்றாதிருக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
வென்டல் ஆஸ்கார்ட்
தொழில்நுட்ப ஆலோசகர்

பின்குறிப்பு: உறையை ஒட்டவில்லை. ஆரின் பெயர் வருகிறதே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு இன்று மாலை அவன் தங்கியிருக்கும் நடைப்பயிற்சி இல்லத்துக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசையும் படித்தான். பந்தயப் பலகை வந்த இடத்தில் சிரித்தான். கடைசி வரிக்கு வந்ததும் கடிதத்தை மடித்துப் போர்வைமேல் வைத்துவிட்டான். பெர்னடீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதை அனுப்பாதடா" என்றான்.

"ஏன்? உன் பேர் வேண்டாம்னா எடுத்துடறேன்."

"அது இல்ல. அந்தப் பெட்டி அன்னைக்கு என் விமானத்துல இல்ல. ஆகஸ்ட்லயே ரோலண்ட் கிட்ட மாத்திட்டேன். நீ இப்ப வாங்கினியே, அதேதான்."

எனக்குப் புரியவில்லை. பெர்னடீன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். செப்டம்பர் ஏழாம் தேதிப் பறப்புக்கான அரசாங்க அறிக்கை, போன மாதமே அவள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். ஒரு சிவப்புகூட இல்லை. கடைசியாகச் சொன்ன இடம், அவனைத் தூக்கிய இடத்திலிருந்து ஒரு கல்லெறி தூரம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அவன் திரையில் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அதைக் கவனித்திருந்தேன், மார்லிஸ் அம்மா. நான் மாட்டிய பெட்டி ஒருவழியாகத் திருந்திவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

"எனக்கு ஏன்டா சொல்லல?" என்றேன்.

"நீ வாங்கச் சொன்னது. கழட்டிட்டேன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு" என்றான்.

பெர்னடீன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கு போன்ல சொல்லத்தான் வந்தேன் வென்டல். அவரு உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அப்புறம் நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க."

கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், இப்போதும் அங்கிருந்துதான் எழுதுகிறேன். கடிதம் நீளம், நீங்கள் சொன்னது சரி. மேலே உள்ளது எதையும் போட வேண்டாம், திருத்தத்தின் இரண்டு வரியை மட்டும் போடுங்கள். முதல் வரி அப்படியே இருக்கட்டும். இரண்டாம் வரியில் 'அந்தப் பெட்டியால்' என்பதை உங்கள் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போடவும்.